தொடரும் படமும் வரப்போகும் படமும்

கதை முடிந்தது என்று பாட்டி சொன்னவுடன், "அப்புறம்?" என்று கேட்பது குழந்தையின் இயல்பு. அரசகுமாரன் அரசகுமாரியை மணந்தான், நாடு செழித்தது, எல்லாரும் இன்பமாக வாழ்ந்தார்கள் என்று சொன்ன பிறகும் அந்தக் கேள்வி ஓய்வதில்லை. கதை கேட்கும் ஆசை மனிதனோடு பிறந்தது. கதை தொடர வேண்டும் என்னும் ஆசையும் அதனோடு கூடவே பிறந்ததாகும்.

நம் இலக்கியமும் இந்த ஆசைக்கு இடம் கொடுத்திருக்கிறது. கோவலன், கண்ணகி, மாதவி ஆகியோரின் வரலாற்றைச் சிலப்பதிகாரம் சொல்லி முடித்தது. மாதவியின் மகள் என்ன ஆனாள் என்னும் கேள்விக்கு விடையாக மணிமேகலை எழுந்தது. அதனால் அவ்விரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். கம்பர் இயற்றிய ஆறு காண்டங்களுக்குப் பின்னர் உத்தர காண்டம் வந்து சேர்ந்தது. அதனை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வது மரபு. ஆகவே, 'இரண்டாம் பாகம்' என்பதைத் திரைப்பட முதலாளிகள் நேற்றுக் கண்டுபிடித்த தந்திரம் என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும். மணிமேகலை சிலம்பைவிடப் பெரிய தீயை மூட்டவில்லை. மதுரையை விடப் பெரிய நகரம் ஒன்றை எரிக்கவில்லை. முதற் காப்பியத்தில் பசியும் பிரிவும் கொலையும் கண்ட நம்மை, பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியின் பக்கம் அழைத்துச் செல்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது. முதற் கதை எழுப்பிய வினாவுக்கு இரண்டாம் கதை விடை தேடுகிறது. தொடர்ச்சிக்கு இலக்கணம் இதுவே என்பது என் கருத்து. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைய தொடர்படம் ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

தமிழ்த் திரையில் தொடர்படம் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 1979-இல் வந்த 'கல்யாணராமன்' என்னும் படத்தின் தொடர்ச்சியாக 1985-இல் 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்ததை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இன்றோ, படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு, மூன்று என்று எண் போடுவது வழக்கமாகிவிட்டது. வகுப்பேறும் மாணவனைப் போலப் படங்களும் ஆண்டுதோறும் ஏறிச் செல்கின்றன.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் 'புஷ்பா 2' என்னும் தெலுங்குப் படம், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிவந்தது. இயக்கியவர் சுகுமார்; கதைத்தலைவராக நடித்தவர் அல்லு அர்ஜுன். 2021 டிசம்பரில் வெளிவந்த முதற் பாகத்தில் நடித்ததற்காக இவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தெலுங்கு நடிகர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இரண்டாம் பாகம் மூன்று மணி நேரத்திற்கும் மேல் ஓடுவது. உலகெங்கும் 1,500 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானதாகத் தயாரிப்பாளர்கள் அறிவித்தனர். உழவர்கரையில் எங்கள் தெருவில் பத்து வயதுப் பையன்கள்கூட, புறங்கையை முகவாய்க்கட்டையின் கீழ் இழுத்துவிட்டு, ஒரு தோளை உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். அந்த நடை எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டும் என்று தோன்றியது. "தாத்தா, நீங்களும் வாருங்கள்" என்று பேத்தி அழைத்தாள். புதுச்சேரித் திரையரங்கு ஒன்றில் தமிழில் அதனைக் கண்டேன்.

கதை சேஷாசலக் காடுகளைப் பற்றியது. திருப்பதி மலையைச் சூழ்ந்த அக்காட்டில் செம்மரம் வெட்டும் கூலியாளாகத் தொடங்கிய புஷ்பராஜ், கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயர்ந்தது முதற் பாகம். இரண்டாம் பாகத்தில் அவன் மாநில அரசியலையே ஆட்டி வைக்கிறான். முதலமைச்சரோடு நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று மனைவி கேட்கிறாள். கடத்தல்காரனோடு படம் எடுத்துக்கொள்ள முதலமைச்சர் மறுக்கிறார். அப்படியானால் முதலமைச்சரையே மாற்றிவிடுகிறேன் என்று கிளம்புகிறான் அவன். சிறு அவமானம் ஒன்று பெரும் பகையாக வளர்வதைக் கதையாசிரியர் திறமையாகவே அமைத்திருக்கிறார்.

படத்தில் நான் மெய்ம்மறந்து கண்ட பகுதி ஒன்று உண்டு. திருப்பதியில் ஆண்டுதோறும் நடைபெறும் கங்கம்மா திருவிழாவில் ஆண்கள் பெண்வேடம் பூண்டு வழிபடுவது வழக்கம். பெண்களுக்குத் தீங்கிழைத்த பாளையக்காரன் ஒருவனைத் தேடி அம்மன் பலவகை வேடங்களில் வந்து அழித்தாள் என்பது அவ்விழாவின் பின்னே நிற்கும் கதை. உடலெங்கும் நீலம் பூசி, சேலை உடுத்து, வளையலும் மூக்கணியும் எலுமிச்சை மாலையும் அணிந்து கதைத்தலைவன் ஆடும்போது, ஆண்மையைப் பற்றி அந்தப் படமே அதுவரை அடித்துவந்த முரசு சற்று ஓய்கிறது. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் ஆண்மகன் பெண்வேடம் கட்டி விடியவிடிய நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அயலாகத் தோன்றாது. நடிகர் தம் உடலைக் கருவியாக்கி உழைத்திருக்கிறார்; அந்த உழைப்புக்கு வணக்கம் செலுத்தத்தான் வேண்டும்.

சண்டைகளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. முதற் பாகத்தில் ஒருவன் பத்துப் பேரை அடித்தான். இரண்டாம் பாகத்தில் கையும் காலும் கட்டுண்ட நிலையில், பல்லையே ஆயுதமாக்கிக் கூட்டத்தையே வீழ்த்துகிறான். முன்னே காட்டோடு நின்றது, இப்போது கடல் கடந்து ஜப்பானியத் துறைமுகம் வரை போகிறது. அளவு வளர்ந்திருக்கிறது. ஆனால் முதற் பாகம் எழுப்பிய வினா வேறு. தந்தையின் குடும்பப் பெயர் மறுக்கப்பட்ட கூலிக்காரனுக்கு இந்த உலகில் மதிப்பு உண்டா என்பதே அது. அதற்கு இறுதியில் ஒரு விடை கிடைக்கிறது. உறவினர் அவனை ஏற்கின்றனர். ஒருவனுக்குக் கிடைத்த அந்த மதிப்பு அவனோடு மரம் சுமந்தவர்களுக்குக் கிடைத்ததா? அவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள், கூட்டமாகவே கைதாகிறார்கள், காவல் நிலையத்தையே பணத்தால் வாங்கி அவர்களை அவன் மீட்கும்போது, கூட்டமாகவே கைதட்டுகிறார்கள்.

குற்றவாளியைக் கதைத்தலைவனாக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். இது புதிய வழக்கு அன்று. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலேயே, 1913, 1914 ஆண்டுகளில் லூயி ஃபோயாட் என்பவர் 'ஃபாந்தோமா' என்னும் கொடிய குற்றவாளியைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து தொடர்படங்களை எடுத்தார். ஒவ்வொரு முறையும் அவன் காவலரின் பிடியிலிருந்து தப்பினான். மக்கள் அடுத்த படத்துக்குக் காத்திருந்தார்கள். நம் தமிழில் நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து பிறந்த 'மலைக்கள்ளன்' 1954-இல் திரைக்கு வந்து, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தையும் பெற்றது. கள்வனும் கதைக்குத் தலைவனாகலாம். அவன் யாருக்காகக் கொள்ளையிட்டான், அந்தக் கொள்ளையின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கதை சொல்லியாக வேண்டும், அவ்வளவே.

அந்த விலையைப் பற்றித்தான் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் தனியாகச் சில செய்திகள் தெரியும். செம்மரம் உலகில் எங்கும் இயற்கையாக வளர்வதன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பக்கங்களில் வளர்வது. அது முதிர்ந்து வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனத்தில் அதனை உயர்ந்த அறைகலன்களுக்கும், ஜப்பானில் நரம்பிசைக் கருவிகளுக்கும் விரும்புகின்றனர். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 1995-இல் அது சேர்க்கப்பட்டது. ஆயினும் கடத்தல் நிற்கவில்லை. காட்டுக்குள் சென்று வெட்டுகிறவர்கள் யார்? திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து, சிறப்பாகச் சவ்வாது மலை போன்ற மலைகளிலிருந்து, தரகர்கள் அழைத்துச் செல்லும் ஏழைகள்.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் விடியற்காலையில், அதே சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அனைவரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்துகளிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்று மனித உரிமை இயக்கத்தினர் குற்றஞ்சாட்டினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் இதில் தலையிட்டு, இறந்தோர் குடும்பங்களுக்கு இடைக்கால உதவி வழங்குமாறு கூறிற்று. வழக்கின் முடிவு எதுவாயினும், இருபது வீடுகளில் அடுப்பு அணைந்தது உண்மை.

ஓய்வு பெற்ற பின்னர் மாலைவேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுப்பது வழக்கம். புஷ்பாவைப் பற்றி ஒருநாள் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை பெரிது, பாட்டு நன்று, வேடம் அருமை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் மட்டும் வாய் திறக்கவில்லை. அவன் பெற்றோர் சவ்வாது மலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக இங்கே வந்து குடியேறியவர்கள். மற்றவர்கள் போன பிறகு அவன் மெல்லச் சொன்னான்: "ஐயா, எங்கள் மாமாவும் அந்தக் காட்டுக்குப் போனவர்தான். ஆந்திராவில் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். இப்போது யாரிடமும் பேசுவதில்லை. படத்தில் அவரைப் போல ஒருவரும் இல்லையே, ஐயா."

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். அந்தப் பையன் கேட்டதைப் போன்ற திறனாய்வை நான் அதிகம் கேட்டதில்லை. படத்தைப் பார்க்காதே என்று அவனிடம் சொல்வதில் பொருள் இல்லை, அவன் பார்த்துவிட்டான். படத்தைப் பழித்துப் பேசுவதாலும் பயன் இல்லை; அதில் அவனுக்கும் பிடித்தது இருந்தது. "நீ சொன்னதை எழுதிக் கொடு" என்றேன். மறுநாள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். மாமா ஊருக்குத் திரும்பிய நாளில் அவர் காலில் செருப்பில்லை என்பதும், அத்தை அவருக்குச் சுடுசோறு போட்டதும் அதில் இருந்தன. அவனுடைய இரண்டாம் பாகம் அது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இனி, வரப்போகும் படங்களின் முன்னோட்டங்களைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலத்தில் இதனை 'டிரெய்லர்' என்கின்றனர். பின்னால் இழுபட்டு வருவது என்பது அச்சொல்லின் பொருள். தொடக்கத்தில் படம் முடிந்த பின்னரே அதனைக் காட்டினார்கள். படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடவே, பின்னோட்டம் முன்னோட்டமாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. நம் கூத்திலோ இது முன்பே உண்டு. கட்டியங்காரன் வந்து வரப்போகிறவரை அறிவிப்பான். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னே நின்று வேடக்காரர் பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். திரை விலகுமுன் அவையோர் நெஞ்சு துடிக்கும். என் இளமையில், தட்டி கட்டிய வண்டி ஒன்று பறையொலியோடு தெருவில் வர, நோட்டீசு பொறுக்க நாங்கள் பின்னால் ஓடுவோம். திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். நெருக்கடியான இடத்தில் அது நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். இவையெல்லாம் முன்னோட்டங்களே.

அந்த டிசம்பரில் பேத்தியின் கைப்பேசியில் வேறு இரண்டு முன்னோட்டங்களையும் கண்டேன். ஒன்று, வெற்றிமாறன் இயக்கிய 'விடுதலை'யின் இரண்டாம் பாகத்துக்கு உரியது. அப்படம் 2024 டிசம்பர் 20-இல் வெளிவந்தது. அங்கும் மலை, அங்கும் காவலர், அங்கும் துப்பாக்கி. ஆனால் மக்கள் 'வாத்தியார்' என்றழைக்கும் ஒருவர் கதையின் நடுவே நின்றார். அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மற்றொன்று அஜித்குமார் நடித்த 'விடாமுயற்சி'. அது 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் முதற் காட்சித்துணுக்கில் எவரும் பேசவே இல்லை. பாலைநிலம் போன்ற வெளியில் நெடுஞ்சாலை, கார், ஒருவரைத் தேடும் முகம். பேச்சில்லாமலே ஆவலை எழுப்பிய அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஹெர்பார்ட் என்னும் ஜெர்மன் கல்வியாளரைப் பின்பற்றியோர் வகுத்த பாடப்படிகளைக் கற்பித்தார்கள். அவற்றுள் முதலாவது ஆயத்தம். மாணவனுக்கு முன்பே தெரிந்ததைத் தொட்டு, தெரியாததன் மேல் ஆவல் எழச் செய்வது அதன் நோக்கம். ஆயத்தத்திலேயே பாடத்தை முழுவதும் சொல்லிவிடுகிறவன் நல்லாசிரியன் அல்லன். ஆயத்தத்தில் பெரிய ஆவலை எழுப்பிவிட்டுப் பாடத்தில் ஒன்றும் தராதவன் அவனினும் தாழ்ந்தவன். முன்னோட்டத்துக்கும் இவ்விதி பொருந்தும். முன்னோட்டம் என்பது ஒரு வாக்குறுதி.

2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' இதற்கு ஒரு பாடம். 1996-இல் வெற்றி பெற்ற படத்தின் தொடர்ச்சி அது. படம் முடிந்தபின், மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் கடைசியில் ஒட்டியிருந்தார்கள். படத்தைவிட அந்த ஒட்டுத்துணியே நன்றாக இருந்தது என்று வெளியே வந்த பலர் சொன்னார்கள். டிரெய்லர் தன் பழைய இடமான வாலுக்கே திரும்பியது போலும்! ஆனால் கையிலிருக்கும் உணவு சுவைக்காதபோது, நாளைய விருந்தைச் சொல்லி எத்தனை நாள் பசியாற்ற முடியும்? 'புஷ்பா 2' என்னும் படமும் மூன்றாம் பாகம் வரும் என்னும் அறிவிப்போடுதான் முடிகிறது.

ஆவலை எழுப்புவது எளிது. எழுந்த ஆவலுக்குக் காவல் நிற்பது அரிது. 'புஷ்பா 2' படத்தின் முன்னோட்டத்தை 2024 நவம்பர் 17-ஆம் நாள் பாட்னா நகரத்துக் காந்தி மைதானத்தில் வெளியிட்டபோது, கூடிய பெருங்கூட்டத்தை அடக்கக் காவலர் திணறினார்கள். மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு காட்சித்தொகுப்புக்காகக் கூடிய கூட்டம் அது. மூன்று வாரம் கழியுமுன், டிசம்பர் 4-ஆம் நாள் இரவு, ஐதராபாத்துத் திரையரங்கு ஒன்றில் சிறப்புக் காட்சியின்போது நெரிசல் உண்டாயிற்று. குடும்பத்தோடு படம் பார்க்க வந்த ஒரு தாய் உயிரிழந்தார். அவருடைய இளம் மகன் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனை சேர்ந்தான். அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில் சென்னையில், புதுப்படக் கொண்டாட்டத்தில் லாரியின்மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். கலையை நாம் நேசிக்கலாம். முதல் நாள் முதற் காட்சி என்பதற்காக உயிரைக் கொடுக்கும் அளவுக்கு எந்தப் படமும் உயர்ந்ததன்று. இரண்டாம் நாளும் அதே படம்தான் ஓடுகிறது.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் படத்திலிருந்து முற்றிலும் விலக்கி வைத்தல் இக்காலத்தில் இயலாது. படம் பார்த்து வந்தவுடன் அவர்களிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். முதல் வினா: இந்தக் கதையில் உனக்குப் பிடித்தது எது? இதனை முதலில் கேட்க வேண்டும். தடித்த குரலில் அறிவுரை தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இரண்டாம் வினா: கதைத்தலைவனின் வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள்? மூன்றாம் வினா: இந்தக் கதையில் பேசாமலே போனவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடப் பழகிய பிள்ளை, எந்த அடிதடிப் படத்தையும் அச்சமின்றிப் பார்க்கலாம். அவன் கைதட்டுவான், கைதட்டியபின் சிந்திக்கவும் செய்வான்.

திரைப்படம் எடுப்போருக்கும் ஒரு சொல். உங்களிடம் திறமைக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை, "அப்புறம்?" என்று கேட்க மக்கள் காத்திருக்கிறார்கள். அக்கேள்விக்கு இன்னும் பெரிய சண்டையைத்தான் விடையாகத் தரவேண்டும் என்பதில்லை. மரம் வெட்டப் போனவன் வீடு திரும்பினானா என்றும் ஒரு தொடர்ச்சி எழுதலாம். சவ்வாது மலையில் அந்தக் கதைக்காகக் காத்திருப்போர் இருக்கிறார்கள். உழவர்கரையிலும் ஒரு பையன் காத்திருக்கிறான்.